ஒரு போன், 32 பிள்ளைகள்: வகுப்பில் ஒலியும் படமும் செய்ய வைப்பது எப்படி?

தேயிலைமேகம் | வியாழன், இரவு 8:42

எல்லாருக்கும் வணக்கம். தலவாக்கலைக்கும் அக்கரப்பத்தனைக்கும் நடுவில் ஒரு தோட்டப் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். தரம் 8, 32 பிள்ளைகள். கணினிக் கூடத்தில் 11 மெஷின். எழும்புவது 4. அந்த நாலில் ஒன்றுக்கு மவுஸ் கிடையாது. "மல்டிமீடியா"வும் ஒன்று இருக்கிறது, அதாவது புரஜெக்டர். நம்ம பாடசாலைகளில் அந்தச் சொல்லுக்கே அதுதானே அர்த்தம்! பரிசளிப்பு விழா வந்தால் மட்டும் அது அலுமாரியை விட்டு இறங்கும்.

போன தவணையில் "எங்கள் ஊர்" என்று இரண்டு நிமிட வீடியோ செய்து வரச் சொன்னேன். ஆறு குழு, ஆறு வீடியோ. ஆறும் ஒரே வீடியோ. சினிமாப் பாட்டு ஓடுகிறது, தேயிலை மலை மெதுவாக நகர்கிறது, நடுவில் இதயம் பறக்கிறது, கொழுந்துக் கூடையோடு ஒரு அம்மா சிரிக்கிறார். பிறகு சென். கிளயர் நீர்வீழ்ச்சி. இந்த அருவியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மேல் கொத்மலை நீர்மின் திட்டம் 2012ல் ஓடத் தொடங்கிய பிறகு அதில் தண்ணீரை அளந்துதான் விடுகிறார்கள். பிள்ளைகள் பஸ்ஸில் போகும்போது பார்ப்பது மெலிந்த அருவியை. வீடியோவில் போட்டதோ இணையத்தில் எடுத்த பழைய படம், வெள்ளம் கொட்டும் அருவி. "ஏன் இதைப் போட்டீங்க?" என்றால், "இதுதான் டீச்சர் வடிவா இருக்கு" என்கிறார்கள்.

ஆறு வீடியோவிலும் ஒரு பிள்ளைகூட வாய் திறந்து பேசவில்லை. வீட்டில் மூச்சு விடாமல் பேசுகிற பிள்ளைகள்.

செய்தது பிள்ளைகளா, ஆப்பா என்று எனக்குச் சந்தேகம். 40 நிமிடப் பாடவேளை, என் கையில் ஒரே ஒரு நல்ல போன். யாராவது உருப்படியாகச் செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

கணக்கு_சேர் | வியாழன், இரவு 9:15

டீச்சர், மனதில் பட்டதைச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். தரம் 8ல் பத்துப் பிள்ளைகளாவது பந்தியைத் திக்காமல் வாசிக்க மாட்டார்கள். அதை விட்டுவிட்டு வீடியோவா? 2020ல் பாடசாலை பூட்டிக் கிடந்தபோது போன் வழியாகப் படிப்பித்த கதை எல்லோருக்கும் தெரியும். சிக்னல் தேடிப் பிள்ளைகள் மலை உச்சிக்கு ஏறினார்கள். ஒரு போனுக்கு மூன்று பிள்ளைகள், அந்தப் போனும் அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான். சாதாரண தரப் பரீட்சையில் யாரும் "வீடியோ எடுக்கத் தெரியுமா?" என்று கேட்கப் போவதில்லை. நமக்கு இருக்கிற நேரம் கொஞ்சம்.

ஒயர்மேன் | வியாழன், இரவு 10:03

நான் டீச்சர் இல்ல, ஹட்டன்ல போனும் கம்ப்யூட்டரும் ரிப்பேர் பண்றவன். ஸ்கூல் மெஷின் நிறைய என் மேசைக்குத்தான் வரும், அதுனால சொல்றேன்.

மொதல்ல வீடியோவை விடுங்க. சத்தத்துல ஆரம்பிங்க. காரணம் சிம்பிள். 1080ல ஒரு நிமிஷம் வீடியோ எடுத்தா, போனைப் பொறுத்து 100 எம்பியத் தாண்டிரும். அதே ஒரு நிமிஷம் பேச்சு, 128 கேபிபிஎஸ் எம்பி3யா இருந்தா சுமார் 1 எம்பி. உங்க நாலு மெஷினும் வீடியோவை வெட்டச் சொன்னா மூச்சு வாங்கும். சத்தத்தை வெட்ட ஒண்ணும் ஆகாது. ஒடாசிட்டின்னு சத்தம் வெட்டுற மென்பொருள் ஒண்ணு, இலவசம், 2000லேருந்து இருக்கு. பழைய மெஷினுக்குப் பழைய பதிப்பையே போடுங்க, புதுசுக்கு ஆசைப்படாதீங்க.

ஒரு எச்சரிக்கை. பிள்ளைங்க வட்ஸ்அப் வொய்ஸ்ல அனுப்பினா அது ஓபஸ்ங்கிற வடிவத்துல வரும். பழைய ஒடாசிட்டி அதை அப்படியே திறக்காது, எஃப்எஃப்எம்பெக்னு ஒண்ணைக் கூடச் சேர்க்கணும். பாதி டீச்சர்மார் இந்த எடத்துலதான் கைய விட்டுர்றாங்க. போன்லயே இருக்கிற ரெக்கோடரில எடுத்து கேபிள்ல ஏத்துனா தலைவலி கொறைவு.

அப்புறம் கண்ணாடி வெடிச்ச பழைய போனை வீசாதீங்க. சிம் வேணாம், டச் பாதி வேலை செஞ்சாப் போதும், மைக் நல்லா இருந்தா அது ஒரு ரெக்கோடர். என் கடையில அப்படி ஒரு பெட்டி நிறையக் கெடக்கு. வர்றவங்களுக்கு நாலஞ்சு தர்றேன்.

தேயிலைமேகம் | வெள்ளி, காலை 6:20

ஒயர்மேன் அண்ணா, சனிக்கிழமை வருகிறேன். உண்மையாகத்தான் சொல்கிறேன்.

கணக்கு சேர், நீங்கள் சொல்வது பிழை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நம்ம பாடத்திட்டத்தில் கேட்டல், பேசல், வாசித்தல், எழுதுதல் என்று நாலு இருக்கிறது. பரீட்சை பார்ப்பது கடைசி இரண்டையும்தான். முதல் இரண்டுக்கும் நான் ஒரு வருடத்தில் எத்தனை பாடவேளை கொடுத்தேன் என்று நேற்று ராத்திரி குறிப்பேட்டைப் பார்த்தேன். மூன்று.

வடக்கிலிருந்து | வெள்ளி, பிற்பகல் 4:48

நான் யாழ்ப்பாணம், பதுளை மாவட்டத்தில படிப்பிக்க வந்து ஏழு வருசம். இஞ்ச சத்தம் பதியிறதில இருக்கிற பெரிய எதிரி மழை. தகரக் கூரையில மழை விழுந்தா நான் பேசுறது எனக்கே கேளாது, போனுக்கு எப்பிடிக் கேக்கும்?

நான் கண்டுபிடிச்ச வழி கம்பளி. ஒரு மேசைக்கு மேல ரெண்டு கம்பளியைப் போட்டு நாலு பக்கமும் தொங்க விட்டா ஒரு குகை மாதிரி வரும். பிள்ளை உள்ள போய் இருந்து பேசும். எதிரொலி போயிடும், மழைச் சத்தமும் பாதியாக் குறையும். இன்னொரு லாபமும் இருக்கு. உள்ள இருட்டு, ஒருத்தரும் முகத்தைப் பாக்க மாட்டினம். வகுப்பில எழும்பி நிண்டு ஒரு வசனம் சொல்ல நடுங்குற பிள்ளையள் கம்பளிக்குள்ள போனா கதை கதையாச் சொல்லுதுகள்.

போனை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில, நேரா இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில பிடிக்க வேணும். நேரா வைச்சா "ப" வாற இடமெல்லாம் காத்து அடிச்சுப் "புஃப்" எண்டு கேக்கும். விமான முறையில போட மறக்காதேங்கோ. ஒரு பிள்ளை அழுகிற மாதிரி நடிச்சுக்கொண்டிருக்கேக்க ரீலோட் கொம்பனிக்காரன் கோல் எடுத்திட்டான், அண்டைக்குப் பிறகு அவளுக்கு அந்த அழுகை வரவே இல்லை.

பேச முதல் பத்து செக்கன் சும்மா இருக்கச் சொல்லுங்கோ. அந்த வெறும் சத்தத்தைக் காட்டிக் குடுத்தா, ஒடாசிட்டி மிச்சத்திலயும் அதைத் தேடிக் குறைக்கும். கூடக் குறைச்சா குரல் தண்ணிக்குள்ளயிருந்து வாற மாதிரி ஆகும், கவனம்.

லயத்து_நிலா | வெள்ளி, இரவு 11:30

கம்பளிக்கு என் ஓட்டு. 🙌 எங்க பாட்டி காலத்துல மலைக்குப் போறப்ப கம்பளியைத்தான் போட்டுக்கிட்டுப் போவாங்களாம், அது இப்ப ஸ்டூடியோ ஆயிருச்சு.

டீச்சர், அந்த "கூடையோட சிரிக்கிற அம்மா" பத்தி எனக்கு ஒண்ணு சொல்லணும். நான் டிக்கோயாப் பக்கத்து லயத்துல, தோட்டத்து வரிசை வீட்டுல, வளர்ந்தவ, இப்ப பேராதனையில படிக்கிறேன். லீவுல கோயில் மண்டபத்துல சின்னப் பிள்ளைங்களுக்கு ஒரு சனிக்கிழமை வகுப்பு நடத்துறோம். மொத நாள் போனைக் குடுத்து "ஊரைப் படம் எடுங்க"ன்னு விட்டோம். அதே படம்தான் வந்துச்சு. அதுல ஒரு பிள்ளை, தன் சொந்த அம்மாவைக் கூடையை மாட்டச் சொல்லி, ரோட்டோர மலையில நிக்க வச்சு, சிரிக்கச் சொல்லி எடுத்திருக்கு. அன்னைக்கு அந்த அம்மாவுக்கு லீவு! வீட்டுல துணி துவைச்சுக்கிட்டு இருந்தவங்க.

எனக்கு ரெண்டு நாள் தூக்கம் வரல. நம்மள மத்தவங்க எடுத்த படத்தைப் பாத்துப் பாத்து, படம்னா அதுதான்னு பிள்ளைங்க நெனச்சிருச்சு. எங்கம்மா கொழுந்து நிறுக்கிற எடத்துல சிரிச்சு நான் பாத்ததே இல்ல. தராசையும் கணக்குப்பிள்ளை எழுதுறதையும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டு நிப்பாங்க. ஈரத்துக்குன்னும் சாக்குக்குன்னும் எத்தனை கிலோ கழிப்பாங்களோங்கிற பார்வை அது. அந்தப் படத்தை எந்த டூரிஸ்டும் எடுக்க மாட்டான், அவனுக்கு அது தெரியாது. எங்க பிள்ளைங்களுக்குத் தெரியும்.

அடுத்த வாரம் சட்டம் போட்டோம். ஆளுக்கு அஞ்சு படம். அழிக்கக் கூடாது. ஒரு ஆளைக் காட்டணும், ஆனா முகம் வரக் கூடாது.

ஒரு பையன் வாசல்ல கெடந்த செருப்பை எடுத்துட்டு வந்தான். ரெண்டு சோடி. ஒண்ணு கொழும்புல கடையில வேலை செய்யிற அண்ணனோடது, தீபாவளிக்கு வந்தா போடுறதுக்கு. புழுதி படிஞ்சு, உள்ள ஒரு செலந்தி வலை. ஒரு பொண்ணு அவங்க அம்மா வெரலை மட்டும் எடுத்திருந்தா, கறை ஏறுன நகம், பக்கத்துல பாதி பிய்ச்ச ரொட்டி. விடியக்காலை அஞ்சு மணி பல்பு வெளிச்சத்துல எடுத்தது, கொஞ்சம் ஆட்டம். "மங்கலா இருக்கு அக்கா, வேற எடுக்கவா?"ன்னு கேட்டா. வேணாம்னேன்.

கணக்கு_சேர் | சனி, காலை 7:05

நிலா, இது நன்றாக இருக்கிறது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் செய்வது சனிக்கிழமை வகுப்பு, பத்துப் பதினைந்து பிள்ளைகள், மணி அடிக்காது. என் கேள்வி அப்படியே இருக்கிறது: 32 பிள்ளை, 40 நிமிடம்.

பழைய_ரேடியோ | சனி, காலை 9:40

ஓய்வுபெற்ற ஆசிரியன். சொந்த ஊர் கொத்மலைப் பக்கம். இங்குள்ள இளையவர்கள் பலருக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்காது.

1989ல் கொத்மலையில் ஒரு சமூக வானொலி தொடங்கினார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் யுனெஸ்கோ உதவியோடு அந்த நிலையத்துக்கு இணைய இணைப்பும் வந்தது. சுற்று வட்டாரத்தில் யார் வீட்டிலும் கணினி கிடையாது. ஆட்கள் தங்கள் கேள்வியை எழுதி நிலையத்துக்கு அனுப்புவார்கள். அறிவிப்பாளர், விஷயம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இணையத்தில் தேடுவார். என்ன கிடைத்தது, எதை நம்பலாம் என்று பேசிக்கொண்டே ஒலிபரப்புவார். ஊர் முழுக்க ஒரே கம்பியில் இணையம் பார்த்தது, காதால். வெளிநாட்டிலிருந்து வந்து ஆராய்ந்து எழுதினார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் "ஒரு போன் 32 பிள்ளை" கணக்கு நமக்குப் புதிது இல்லை. ஒரு கருவியை முப்பது பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு ஒரு நிமிடம்தான் வரும். நிலையத்தில் என்ன செய்தார்கள்? கருவியைச் சுற்றி வேலையைப் பங்கு போட்டார்கள். ஒருவர் கேட்டார், ஒருவர் தேடினார், ஒருவர் விளக்கினார், மிச்சப் பேர் கேட்டு அடுத்த கேள்வியை எழுதினார்கள்.

டீச்சர், வகுப்பில் ஒரு வானொலி நிலையம் வையுங்கள். இரண்டு பிள்ளைகள் கம்பளிக்குள். மற்ற முப்பது பேருக்கும் வேலை இருக்கும். கேள்வி எழுதுபவர், வீட்டில் விசாரிப்பவர், பிரதியைத் திருத்துபவர், சத்தம் செய்பவர். சத்தம் செய்பவரை மறந்துவிடாதீர்கள். தகரத் தட்டில் அரிசி போட்டு ஆட்டினால் மழை. பொலித்தீனைக் கசக்கினால் அடுப்பு எரியும். எங்கள் காலத்தில் கசெட்டில் "போஸ்" பொத்தானை அமத்தி அமத்தித்தான் நிகழ்ச்சி தொகுத்தோம். ஒரு பிழை விட்டால் முதலிலிருந்து! அதனாலேயே பிரதியைப் பத்துத் தரம் வாசித்தோம். கணக்கு சேர் கவலைப்படும் வாசிப்பு அங்கேதான் இருக்கிறது. மைக்குக்கு முன்னால் திக்கக் கூடாது என்று ஒரு பிள்ளை தானாகவே ஒரு பந்தியைப் பதினைந்து தரம் வாசிக்கும். நீங்கள் பிரம்பு எடுத்தாலும் மூன்று தரத்துக்கு மேல் வாசிக்காது.

ஆலோசகர்_மேட்டுநிலம் | சனி, மாலை 6:12

ஆசிரிய ஆலோசகராக இருக்கிறேன், எந்த வலயம் என்று கேட்காதீர்கள்.

நாங்கள் 2007லிருந்து ஐந்து "ஈ" முறையை எல்லாக் கருத்தரங்கிலும் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டு வருகிறோம். ஈடுபடுத்தல், கண்டறிதல், விளக்கல், விரிவாக்கல், மதிப்பிடல்; ஆங்கிலத்தில் ஐந்தும் "ஈ" எழுத்தில் தொடங்கும். பெரும்பாலான வகுப்புகளில் நான் பின் வரிசையில் உட்கார்ந்து பார்ப்பது விளக்கலை மட்டும்தான், அதுவும் டீச்சர் விளக்குவார். பழைய ரேடியோ ஐயா சொன்ன நிலையத்தில் ஐந்தும் இருக்கிறது. பாடசாலை மட்டக் கணிப்பீட்டுக்குத் தாராளமாகக் கணக்கில் எடுக்கலாம், அதிபரிடம் அப்படியே சொல்லுங்கள்.

புள்ளி போடும்போது மட்டும் ஒன்று. முடிந்து வந்த வீடியோவின் பளபளப்புக்குப் போடாதீர்கள். நல்ல போன் உள்ள வீட்டுப் பிள்ளைதான் ஒவ்வொரு முறையும் ஜெயிக்கும். பிரதித் தாளைப் பாருங்கள், வெட்டி எறிந்ததைப் பாருங்கள். "இதை ஏன் வெட்டினாய்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த பிள்ளைதான் செய்த பிள்ளை.

பாட்டைப் பற்றி: 2003ம் ஆண்டின் 36ம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கற்பித்தலுக்கான நியாயமான பயன்பாட்டுக்கு இடம் விடுகிறது. வகுப்புக்குள் போட்டுக் காட்டுவது வேறு, சினிமாப் பாட்டை ஒட்டி யூடியூப்பில் ஏற்றுவது வேறு. படம் தேவையென்றால் விக்கிமீடியா கொமன்ஸில் எடுக்கலாம். எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் கடைசியில் பிள்ளையே எழுத வேண்டும். தன் பெயரை யாராவது விட்டுவிட்டால் எப்படி இருக்கும் என்று கேட்டால் உடனே புரிந்துகொள்வார்கள்.

ஒயர்மேன் | சனி, இரவு 8:55

டீச்சர் கடைக்கு வந்துட்டுப் போனாங்க. அஞ்சு போன். இன்னொண்ணுக்கு பெட்டரி ஊதிக் கெடந்துச்சு, அதைக் குடுக்கல. ஊதுன பெட்டரி போனைப் பிள்ளைங்க கையில குடுக்கவே கூடாது, எல்லாரும் ஞாபகம் வச்சுக்கங்க.

வடக்கிலிருந்து | ஞாயிறு, காலை 10:20

நிலா எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சன். எனக்கு நடந்த ஒண்டைச் சொல்லுறன், இது என்ர பிழை.

மூண்டு வருசத்துக்கு முந்தி "என் வீடு" எண்டு வீடியோ எடுத்துக்கொண்டு வரச் சொன்னன். ஒரு பிள்ளை நல்லா வடிவாப் பேசியிருந்தாள். நான் பேச்சை மட்டும் கவனிச்சன், பின்னுக்கு இருந்ததைக் கவனிக்கேல்லை. புரஜெக்டரில பெரிசாப் போட்டன். அவளின்ர பின்னால கட்டிலுக்கு மேல மூண்டு பேசின், கூரையிலயிருந்து தண்ணி சொட்டுச் சொட்டா விழுகுது, "டொக், டொக்" எண்டு சத்தம் வேற. ஒருத்தன் எண்ணத் தொடங்கினான். வகுப்பே எண்ணிச்சுது. சிரிச்ச பிள்ளையளின்ர வீட்டிலயும் அதே பேசின்தான், அது வேற கதை. அவள் மூண்டு நாள் பள்ளிக்கூடம் வரேல்லை.

அண்டையிலிருந்து ரெண்டு முறை வைச்சிருக்கிறன். எதுவெண்டாலும் முதல்ல நானும் அந்தப் பிள்ளையும் மட்டும் பாப்பம். போடலாமா எண்டு பிள்ளைதான் சொல்லும். வேற ஆளின்ர குரலோ படமோ இருந்தா அந்த ஆள் முதல்ல கேக்க வேணும். பள்ளிக்கூடத்து ஃபேஸ்புக்கில போடுறதெண்டா தாய் தகப்பனிட்ட எழுத்தில கேட்டு. வீடு எண்ட தலைப்பையே இப்ப குடுக்கிறேல்லை. "வீட்டில கேக்கிற சத்தம்" எண்டு குடுப்பன்.

லயத்து_நிலா | ஞாயிறு, காலை 11:02

அக்கா, அந்தப் பேசின் சத்தம் எனக்கும் தெரியும். ரோஸ் கலர் பேசின்.

தேயிலைமேகம் | ஞாயிறு, இரவு 9:30 (மூன்று வாரத்துக்குப் பிறகு)

நடந்ததைச் சொல்கிறேன், நீளமாகப் போகும்.

முதல் வெள்ளி முழுத் தோல்வி. ஆறு குழுவுக்கு அஞ்சு போன். பையன்கள் பறித்துக்கொண்டார்கள், பெண் பிள்ளைகள் வழக்கம்போல எழுதும் வேலைக்குப் போய்விட்டார்கள். ஒரு குழு அரை மணி நேரமும் தவளை மாதிரிக் கத்திப் பதிந்தது. மணி அடித்தபோது உருப்படியாக ஒன்றும் இல்லை. அடுத்த வகுப்பு சேர் வாசலில் நின்று பார்த்த பார்வை இருக்கிறதே.

இரண்டாம் வெள்ளி விசில் எடுத்துக்கொண்டு போனேன். ஏழு நிமிடத்துக்கு ஒரு ஊதல். ஊதினால் போன் அடுத்த கைக்கு. பிடிப்பவர், பேசுபவர், குறிப்பவர், காவல். காவல் என்றால் சத்தம் போடுபவர்களை அடக்குபவர், தவளைப் பையனுக்கு அந்த வேலை. தலைப்பு, "வீட்டில் கேட்கும் சத்தம்". ஒரு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது.

ஒரு பிள்ளை அவளுடைய அம்மாயி (அம்மாவின் அம்மா) கதையை எடுத்துக்கொண்டு வந்தாள். தோட்டத் தமிழரில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்ப 1964ல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் போட்ட பிறகு அம்மாயியின் அக்கா குடும்பத்துக்கு இந்தியா என்று வந்துவிட்டது. ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி (ரயில்) ஏற்றி விட்ட கதை. தலைமன்னார் போய்க் கப்பல் ஏறுவதற்கு. அந்தக் கோச்சியை இங்கே அழுகைக் கோச்சி என்பார்கள் என்று எனக்குத் தெரியும், பாடத்தில் சொல்லியும் இருக்கிறேன்.

பிள்ளை இணையத்தில் ஒரு ரயில் சத்தத்தை எடுத்துக் கதைக்குக் கீழே போட்டிருந்தாள். கூவென்று ஊதி, சிக்குபுக்கு என்று போகும் நீராவி ரயில். வடக்கிலிருந்து அக்கா சொன்ன முறைப்படி அம்மாயிக்கு முதலில் போட்டுக் காட்டச் சொன்னேன். அம்மாயி முதலில், "இது யாரு, எங்கம்மா மாதிரிப் பேசுது" என்றாராம். தன் குரலை அதுவரை கேட்டதில்லை. பிறகு ரயில் சத்தம் வந்ததும் கையை ஆட்டி நிறுத்தச் சொன்னாராம். "கோச்சிச் சத்தமா? யாருக்குக் கேட்டுச்சு அது. சனம் அழுத சத்தத்துல கோச்சி கெளம்பினதே தெரியல. ஆட ஆரம்பிச்ச பெறகுதான் கையை விட்டோம்."

பிள்ளை திங்கட்கிழமை வந்து, "டீச்சர், ரயிலை எடுத்துரவா?" என்றாள். எடுத்துவிட்டு என்ன போடப் போகிறாய் என்றேன். அழுகைச் சத்தம் இணையத்தில் கிடைக்கும் என்று பக்கத்துப் பிள்ளை சொன்னாள். அவள் கொஞ்ச நேரம் மெஷினையே பார்த்தாள் (மவுஸ் இல்லாத மெஷின், அம்புக்குறிப் பொத்தானால் ஒவ்வொரு முறையும் நகர்த்த வேண்டும்). பிறகு அந்த இடத்தில் ஒன்றும் போடாமல் விட்டாள். நாலு செக்கன். அம்மாயி "கையை விட்டோம்" என்று சொன்ன பிறகு நாலு செக்கன் ஒன்றும் கேட்காது, அப்புறம் வீட்டுக் கோழி ஒன்று கத்தும். அந்தக் கோழி தற்செயலாகப் பதிவானது. அதை வெட்டுவதா வேண்டாமா என்று குழுவுக்குள் இரண்டு பாடவேளை சண்டை. கோழி ஜெயித்தது.

கணக்கு_சேர் | ஞாயிறு, இரவு 10:11

கோழி இருக்கட்டும்.

நானும் ஒன்று செய்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. தரம் 9, விகிதம். ஸ்டொப் மோஷன் என்று, படம் படமாக எடுத்து ஓட விடுவதை என் மகள் காட்டினாள். ஒரு செக்கனுக்கு 12 படம் என்றால் 10 செக்கனுக்கு 120 படம். கொழுந்து வாடி, உருண்டு, புளித்து, காய்ந்து தூளாகும் வரை காட்டப் பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள். ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) அப்பா வேலை செய்யும் பையன் ஒருவன் ஒவ்வொரு கட்டத்துக்கும் எவ்வளவு நேரம் என்று கேட்டு வந்தான். வாடுவதற்குத்தான் மிக அதிக நேரம், மற்றதெல்லாம் அதற்குக் கிட்டவும் வராது. அதே விகிதத்தில் 120 படத்தைப் பங்கு போடுங்கள் என்றேன். காய்வதற்கு இரண்டு படமும் மிஞ்சவில்லை. "அப்படின்னா பாக்குறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது சேர்" என்றார்கள். உண்மை விகிதமா, பார்ப்பவருக்குப் புரியும் விகிதமா என்று ஒரு வாக்குவாதம் கிளம்பியது. விகிதத்தைப் பற்றி என் வகுப்பு இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

ஆனால் மூன்று பாடவேளை போய்விட்டது. அலகு பின்தங்கிவிட்டது. அதையும் சேர்த்தே சொல்கிறேன். இன்னொரு பிரச்சினை: பதினொரு மணிக்கு ஜன்னலில் மூடுபனி வந்தால் படம் இருட்டிவிடுகிறது, போனால் வெளிச்சம். ஓட விட்டால் கண் சிமிட்டுகிற மாதிரி இருக்கிறது. என்ன செய்வது?

வடக்கிலிருந்து | திங்கள், காலை 6:50

சேர், திரையில இலைக்கு மேல விரலை அமத்திப் பிடியுங்கோ, கன போனில வெளிச்சமும் ஃபோக்கஸும் பூட்டுப்படும். அதுக்கும் அடங்காட்டி ஜன்னலை மூடிப்போட்டு ஒரு பல்பைப் போட்டு எடுங்கோ. கரண்ட் இருந்தா. போனை ரெண்டு செங்கலுக்கு நடுவில இறுக்கி வைச்சா அசையாது.

ஒயர்மேன் | திங்கள், பகல் 1:15

சேர், வீடியோக்குத் தலைப்பு அடிக்கப் போறீங்கன்னா ஒரு விஷயம். பாமினிங்கிற பழைய எழுத்துருவுல அடிச்சதைப் போன்ல ஒட்டுனா ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமா ஒரே குப்பையா வரும். யுனிகோட்ல அடிச்சாலும் சில எடிட்டர்ல கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம் நிக்கும். "கொழுந்து"வே ஒழுங்கா வராது. பிள்ளைங்களைத் தாள்ல கையால எழுதச் சொல்லி அதைப் படம் புடிச்சுப் போடுங்க. பாக்கவும் நல்லா இருக்கும், எழுத்துப் பிழையும் உங்க கண்ணுக்கு மாட்டும்.

பழைய_ரேடியோ | திங்கள், மாலை 5:30

தேயிலைமேகம் டீச்சர், அந்த அம்மாயி சம்மதித்தால் பதிவை வகுப்போடு நிறுத்தாதீர்கள். நூலகம் நிறுவனம் 2005லிருந்து ஈழத்து எழுத்துகளை இணையத்தில் சேர்க்கிறது, ஒலிப்பதிவுகளையும் சேர்க்கிறார்கள். எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்து வைத்தபடியால் நம்முடைய மலையகப் பாட்டுகள் கொஞ்சமாவது தாளில் தப்பின. ராகம் தாளில் ஏறாதே. அம்மாயிக்குப் பாட்டு ஏதும் தெரியுமா என்று கேட்டீர்களா?

தேயிலைமேகம் | திங்கள், இரவு 9:05

கேட்டேன் ஐயா. "இருமல் நிக்கட்டும், அப்புறம் பாடுறேன்" என்றாராம். பிள்ளை தினமும் போனைப் பையில் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குப் போகிறாள், நானும் தெரியாத மாதிரி இருக்கிறேன். நூலகத்துக்கு அனுப்புவது பற்றிப் பாட்டு பதிந்த பிறகு அம்மாயியிடமே நேரே போய்க் கேட்கிறேன்.

இப்போதைக்கு ஒரு உதவி. அந்தப் போனில் இடம் நிரம்பிவிட்டது. எந்தக் கேபிளைப் போட்டாலும் மெஷினில் ஏறுவதில்லை. மெமரி காட் ரீடர் ஒன்று யாரிடமாவது சும்மா கிடந்தால் வியாழனுக்குள் தலவாக்கலை பஸ்ஸில் கொடுத்து விட முடியுமா?

ஒயர்மேன் | திங்கள், இரவு 9:11

இருக்கு. புதன்கிழமை காலை ஏழு மணி பஸ். கண்டக்டர்கிட்ட டீச்சர்னு சொன்னாப் போதும்தானே?